முட்டையை நடுத்தண்ணீரில் நிறுத்துவது எப்படி?

நாஞ்சில் நாட்டில் விதைநெல் தேர்வு செய்ய எங்கள் பாட்டா முட்டையைத்தான் நம்புவார். வாளித் தண்ணீரில் உப்பைக் கரைத்துக்கொண்டே இருப்பார். முட்டை மேலே வந்து ஒரு ரூபாய் நாணயம் அளவுக்கு முதுகைக் காட்டியதும் நெல்லைக் கொட்டுவார். பதர் மிதக்கும், திரண்ட நெல் அடியில் தங்கும்.

மகளின் பள்ளிக் கண்காட்சிக்கு வேண்டியது வேறு. முட்டை மிதக்கவும் கூடாது, மூழ்கவும் கூடாது, நடுவில் நிற்கவேண்டும்.

தேவை: புது முட்டை, கல் உப்பு, அகலமான கண்ணாடி ஜாடி, சமையலறை டிஜிட்டல் தராசு. தராசு கட்டாயம், ஸ்பூன் கணக்கு சரிவராது. கடல் தண்ணீரும் போதாது. முட்டம் கடற்கரையிலிருந்து ஒரு கேன் கொண்டுவந்து பார்த்தேன், முட்டை மூழ்கிவிட்டது. அதில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்புதான்.

நான் மூன்று சாயங்காலம் மாட்டிக்கொண்ட இடத்தைச் சொல்கிறேன். ஜாடி முழுக்க ஒரே உப்புத் தண்ணீரை வைத்து, உப்பைச் சிட்டிகை சிட்டிகையாகக் கூட்டினேன். அடியில் கிடந்த முட்டை ஒரு கட்டத்தில் கிளம்பி நேரே மேலே போய்விட்டது. தண்ணீர் சேர்த்தால் மறுபடி அடிக்கு வந்தது. முட்டையின் எடையும் அது விலக்கும் தண்ணீரின் எடையும் அச்சாகச் சமமானால்தான் அது நிற்கும். இம்மி பிசகினாலும், ஒரே அடர்த்தியுள்ள தண்ணீரில் அதைத் திருப்பி இழுக்க எதுவும் இல்லை.

அதனால் தண்ணீரை இரண்டு அடுக்காக்குங்கள். அரை லிட்டரில் 75 கிராம் உப்பைக் கரைத்து ஜாடியில் ஊற்றி முட்டையை விடுங்கள், மிதக்கும். பக்கத்தில் ஒரு வாழையிலைத் துண்டை மிதக்கவிட்டு, அதன்மேல் நல்ல தண்ணீரை நூல்போல ஊற்றுங்கள். கரண்டியைவிட இலைதான் நல்லது, தண்ணீர் குத்தாமல் பரவும். மட்டம் ஏற ஏற முட்டை நின்ற இடத்திலேயே நின்று தண்ணீருக்குள் போகும். கீழே நழுவினால் உப்புத் தண்ணீர் தள்ளும், மேலே வந்தால் நல்ல தண்ணீர் தாங்காது.

மீனுக்கு இந்த வசதி இல்லை. கலவா மீனுக்குக் காற்றுப்பை உண்டு. மேலே வரவர அழுத்தம் குறைந்து பை விரியும், இன்னும் மேலே தூக்கும். ஆழத்திலிருந்து சட்டென்று இழுத்தால் வயிறு உப்பி வருவது இதனால்தான். தூத்தூர்க்காரர்கள் பிடிக்கும் சுறாவுக்குப் பையே கிடையாது. எண்ணெய் நிறைந்த ஈரலும் ஓயாத நீச்சலும்தான் அதைத் தாங்குகின்றன. கடலை அளக்கும் ஆர்கோ மிதவைகள் எண்ணெயை வெளிப்பைக்குத் தள்ளியும் உள்ளே இழுத்தும், எடை மாறாமல் பருமனை மட்டும் மாற்றி, சுமார் 1000 மீட்டர் ஆழத்தில் நிற்கின்றன.

பின்சேர்க்கை: தண்ணீர் கலங்குகிறது என்று இருவர் எழுதியிருந்தார்கள். புத்தளம் உப்பளத்துக் கல் உப்பானாலும் கரைத்தபின் வேட்டித் துணியில் வடிகட்டுங்கள். முட்டை ஒரு பக்கமாகச் சாய்ந்து ஏறினால் ஓட்டில் காற்றுக் குமிழி ஒட்டியிருக்கலாம், விரலால் துடைத்துவிடுங்கள்.

மார்த்தாண்டத்திலிருந்து பஸ்ஸில் கொண்டுபோனவருக்கு ஆட்டத்தில் அடுக்கு கலைந்துவிட்டதாம். இரண்டு தண்ணீரையும் தனித்தனிப் பாட்டிலில் கொண்டுபோய்ப் பள்ளி மேசையிலேயே ஊற்றுங்கள்.