சிமெண்ட் தரையில் கேரட்: குன்னூர் ஈரத்துக்கு ஒரு மண்ணில்லாத் தோட்டம்

எங்கள் குன்னூர் வாடகை வீட்டின் கொல்லைப்புறம் முழுக்கச் சிமெண்ட். துவைக்கும் கல் போக, பன்னிரண்டடிக்கு எட்டடி வெறுந்தரை. உடைக்க வீட்டுக்காரர் சம்மதிக்கவில்லை. தேயிலைத் தோட்டத்து மண்ணை அள்ளி வரலாமே என்பார்கள். அதன் புளிப்பு கேரட்டுக்கு ஒத்துவராது. உருளைக்கிழங்கு வயல் மண்ணும் வேண்டாம். உருளையைத் தாக்கும் முட்டைக்கூடு நூற்புழு நீலகிரியில் 1961-இல் கண்டறியப்பட்டது. அதன் கூடுகள் மண்ணுக்குள் பல ஆண்டுகள் உயிரோடு கிடக்கும். ஆகவே மண்ணே இல்லாமல் வளர்ப்பது என்று முடிவு செய்தேன்.

கோயம்புத்தூரில் மாடித்தோட்டம் வைத்திருக்கும் அண்ணி சொன்ன கலவையை அப்படியே போட்டேன்: தென்னை நார்க்கழிவு பாதி, மண்புழு உரம் பாதி. அங்கே வெயிலுக்கு ஈரம் நிற்க வேண்டும்; இங்கே ஈரம் போக வேண்டும். இது புரிவதற்குள் ஓர் ஐப்பசி மழையும் பதினான்கு பைகளும் போய்விட்டன.

முதலில் தரையின் வாட்டம். ஒரு குடம் தண்ணீரை ஊற்றி, அது எந்தப் பக்கம் ஓடுகிறது, எங்கே தேங்குகிறது என்று பாருங்கள். தேங்கும் இடத்தில் பை வைக்காதீர்கள். மற்ற இடங்களிலும் ஒவ்வொரு பைக்கும் அடியில் இரண்டு செங்கல், நடுவில் இடைவெளி விட்டு. நேரே தரையில் வைத்தால் அடித் துளைகளைச் சிமெண்டே அடைத்துவிடும். மேலே காய்ந்தது போலத் தெரியும், அடியில் வேர் அழுகிக்கொண்டிருக்கும்.

துணிப்பைகளைப் பலர் புகழ்கிறார்கள். எனக்கு ஒரே மழையில் பாசி பிடித்தது. என் ஓட்டு பழைய 20 லிட்டர் பெயிண்ட் வாளிக்குத்தான். நன்றாகத் தேய்த்துக் கழுவி, அடியில் எட்டுத் துளைகள் போட்டால் போதும்.

இனி நார்க்கழிவு. நான் இடறி விழுந்த இடம் இதுதான். ஐந்து கிலோ கட்டி ஒன்று ஊறினால் 60 லிட்டருக்கு மேல் வரும். முதலில் பிழியும் தண்ணீர் காபி டிகாக்‌ஷன் நிறத்தில் இருக்கும். நிறம் போகும்வரை அலசினேன், விதைத்தேன். முளைத்த செடிகளின் இலை நுனிகள் கருகின. உரம் போதவில்லை என்று நினைத்து மேலும் உரம் போட்டேன், இன்னும் கருகியது. நிறத்தைத் தருவது டானின் என்ற துவர்ப்புப் பொருள். செடியை வாட்டுவதோ கண்ணுக்குத் தெரியாத சோடியம், பொட்டாசிய உப்புகள். உப்புநீரில் ஊறிய தேங்காய் மட்டையிலிருந்து வந்த கழிவானால் கேட்கவே வேண்டாம்.

இப்போது செய்வது இதுதான்: இரவு முழுக்க ஊறவைத்துப் பிழிந்து, புதுத் தண்ணீர் மாற்றி, மூன்று முறை. பிறகு ஒரு கட்டிக்கு 100 கிராம் கால்சியம் நைட்ரேட்டை ஒரு வாளித் தண்ணீரில் கரைத்து ஊற்றி, ஓர் இரவு விட்டு, மறுபடி அலசுகிறேன். நாரைப் பிடித்துக்கொண்டிருக்கும் சோடியத்தைக் கால்சியம் கிளப்பிவிடும். ரசாயன உரமா என்று இயற்கை வேளாண்மை நண்பர்கள் முகம் சுளிப்பார்கள், சுளிக்கட்டும். நீரில் கரைந்த உப்பின் அளவைக் காட்டும் ஒரு சிறிய ஈசி மீட்டரும் வாங்கிக்கொள்ளுங்கள். கடைசி அலசலில் பிழிந்த நீரும் குழாய் நீரும் ஏறக்குறைய ஒரே எண்ணைக் காட்டினால் போதும்.

மலைக்கு என் கலவை: நார்க்கழிவு மூன்று பங்கு, மண்புழு உரம் மூன்று, கருக்கிய உமி இரண்டு, பொடியாக நறுக்கிய தேங்காய் மட்டை இரண்டு. கையில் பிடித்து இறுக்கினால் சொட்டு நீர் வரலாம், ஒழுகக் கூடாது. மேலே பரப்பும் மூடாக்குக்குக் கற்பூர மரத்து (யூகலிப்டஸ்) இலையைப் போடாதீர்கள். அதில் ஊறும் சாறு இளஞ்செடிகளை அடக்கிவிடும்.

கேரட்டை நேரடியாக விதையுங்கள், நாற்றுப் பிடுங்கி நட்டால் கிழங்கு கோணும். ஓரடி ஆழம் வேண்டும். பீட்ரூட், முள்ளங்கி, நூக்கல், பட்டாணி எல்லாம் சொன்னபடி கேட்கும். தக்காளியை நான் கைவிட்டேன். பனிமூட்டம் நாலு நாள் நின்றால் உருளையைத் தாக்கும் அதே கருகல் நோய் இதற்கும் வந்துவிடுகிறது. மழை படாத கூரை இருந்தால் மட்டும் முயலுங்கள்.

மழை உரத்தைக் கரைத்துக்கொண்டு போகும். அதனால் மொத்தமாகப் போடாமல், பதினைந்து நாளுக்கொரு முறை ஒரு கைப்பிடி மண்புழு உரம். மீனையும் வெல்லத்தையும் புளிக்கவைத்த மீன் அமிலம் நல்லதுதான், ஆனால் எங்கள் தெருவில் கரடி நடமாட்டம் உண்டு. அந்த வாடையை நான் விருந்தழைப்பாக வைக்க மாட்டேன்.

பிற்சேர்க்கை: ஊட்டியிலிருந்து ஒருவர் உறைபனிக்கு என்ன செய்வது என்று கேட்டார். டிசம்பர் முதல் பிப்ரவரி வரை, வானம் தெளிவாக இருக்கும் மாலைகளில், குச்சி நட்டு அதன்மேல் சாக்கைப் போர்த்துங்கள். சாக்கு இலையில் படக் கூடாது. காலையில் வெயில் வந்ததும் எடுத்துவிடுங்கள்.

இன்னொருவரின் வாளிகளைக் குரங்குகள் கவிழ்த்துவிட்டனவாம். நான் ஒவ்வொரு வாளியின் பிடியையும் கொடிக்கம்பியில் கட்டிவைத்திருக்கிறேன். செடியைப் பிடுங்குவதை அது தடுக்காது, வாளி மட்டும் நிற்கும்.