கச்சான் காலத்தில் கிரீன் ஸ்டஃப்

திருகோணமலையில் கச்சான் எனும் சூடான தென்மேற்குக் காற்று அடிக்கும் மாதங்களில் கிரீன் ஸ்டஃப் (நீலமும் மஞ்சளும் சேர்த்துக் குழைத்துச் சின்ன உருவங்கள் செதுக்கும் எபொக்சி புட்டி) வேகமாக இறுகும். 28 மி.மீ. உயரச் சிற்றுருவத்துக்கு மேலங்கி மடிப்பு எடுக்கும் முன்பே ரப்பர் மாதிரி இழுக்கும். கூடவே மணல் போலச் சின்னக் கட்டிகள்.

கட்டிகளுக்குக் காரணம் வெயில் அல்ல. நாடாவாக வரும் புட்டியில் நீலமும் மஞ்சளும் தொடும் கோடு பொதிக்குள்ளேயே இறுகிவிடுகிறது. அந்தக் கோட்டின் இருபுறமும் 1 மி.மீ. வெட்டி எறிந்தேன், கட்டி போனது. இதில் கஞ்சத்தனம் பார்த்தால் முகம் செதுக்கும்போது அழவேண்டிவரும்.

வேகமாக இறுகுவதைச் சமாளிக்க வழி, பட்டாணி அளவுக்கு மேல் குழைக்காமல் இருப்பதுதான். மிஞ்சியதைப் பொலித்தீனில் சுற்றி ஃபிரீசரில் வைத்தால் இறுகல் மந்தமாகும். மஞ்சள் சற்றுக் கூடினால் புட்டி மென்மையாக நிற்கும், துணி மடிப்புக்கு அது நல்லது. வாள் விளிம்புக்கு நீலம் கூடட்டும்.

மேலங்கியை ஒரே தடவையில் செய்யவேண்டாம். மெல்லிய தகடு முதலில், அது இறுகிய பிறகே மடிப்பு. புட்டி ஒட்டாமலிருக்கக் கருவிக்குத் தண்ணீர் போதும். வாசலின் பூசினால் சவர்க்காரத்தால் கழுவாமல் பெயின்ட் பிடிக்காது.

உருவத்தின் கையை மாற்றி ஒட்டும்போது, மூட்டில் 1 மி.மீ. துளையிட்டுப் பேப்பர் கிளிப் கம்பியைச் செருகவேண்டும். மாரியில் சூப்பர் குளூ மூட்டைச் சுற்றி வெள்ளை பூக்கும், ஊசி முனைத் துளி போதும்.