கொய்யாத் துளிரில் அசுவினி: மருந்தில்லாமல் தீர்ந்த கதை

கொய்யாவின் இளந்துளிரெல்லாம் சுருண்டு கிடந்தது. இலையைத் திருப்பினால் நரம்போரம் அசுவினி என்ற சாறுறிஞ்சும் குட்டிப் பூச்சி அப்பியிருக்கும். தொட்டால் பிசுபிசுக்கும், போதாக்குறைக்கு எறும்பு வேறு. முற்றிய இலைகளில் தொல்லை இல்லை. சரி, மருந்தை விட்டு உரத்தைப் பார்ப்போம் என்று தோன்றியது. நான் போட்டுவந்த யூரியாவில் 46 சதவீதம் தழைச்சத்து, அதாவது நைட்ரஜன். அது மிஞ்சினால் மரம் மளமளவென்று துளிர்க்கும். ஆனால் அந்த இலையில் டானின், பீனால் போன்ற தற்காப்புச் சேர்மங்கள் குறையும். சாற்றில் அமினோ அமிலம் கூடும். அசுவினிக்கு விருந்துதான்!

யூரியாவை நிறுத்தி மக்கிய தொழுவுரம் மட்டும் போட்டேன். இருந்த பூச்சியைத் தண்ணீர் பீய்ச்சி உதிர்த்தேன். அப்புறம், அடிமரத்தில் துணி சுற்றி கிரீஸ் தடவினேன். எறும்பு ஏறினால் அசுவினியைத் தின்னும் பொறிவண்டை விரட்டிவிடும். அடுத்த துளிர் மெதுவாகத்தான் வந்தது, ஆனால் சுருளவில்லை.