தாய்மரம் தளர முன் ஒரு கன்று

கொழும்பு வெள்ளவத்தையில் எங்கள் வீட்டு முன்பக்கம் நிற்கும் அந்தூரியங்களுக்கு இருபது வயதுக்கு மேல். இரண்டு மூன்று வருஷத்துக்கு ஒருமுறை வெட்டி, பிரித்து, திரும்ப வைத்ததால்தான் அவை இன்னும் பூக்கின்றன. பூமரங்களை நீண்ட காலம் வைத்திருக்க ஆசைப்பட்டால் தாய்மரம் செழிப்பாக நிற்கும்போதே கன்று எடுத்துவிடுங்கள், வாடத் தொடங்கிய மரத்தில் வெட்டிய கொப்பு பெரும்பாலும் பிடிக்காது.

அந்தூரியத்தின் தண்டு வருஷா வருஷம் மேலே ஏறும், கீழ் இலைகள் உதிரும், ஒரு கட்டத்தில் சாடிக்கு மேலே வெறும் தண்டும் அதிலிருந்து காற்றில் தொங்கும் வேர்களும்தான் தெரியும். வயசாகிவிட்டது என்று தயவுசெய்து எறிந்துவிடாதீர்கள். தலைப்பக்கத்தோடு இரண்டு மூன்று வேர் சேர்ந்து வரும்படி கூரான கத்தியால் வெட்டி வேறு சாடியில் வையுங்கள், அடிக்கட்டையை அப்படியே விட்டால் அதிலும் பக்கக் கன்றுகள் முளைக்கும். கொலம்பியா, எக்குவடோர் பக்கத்து மழைக்காட்டுச் செடி இது, வேருக்கு ஈரமும் வேண்டும் காற்றும் வேண்டும், அதனால் வெறும் மண்ணில் இறுக்கி வைத்தால் அழுகிப்போகும். உடைத்த செங்கல், கரி, தேங்காய்ப் பொச்சுத் துண்டு மூன்றையும் கலந்து வையுங்கள். பொச்சை நாலைந்து நாள் ஊறவைத்து, தினமும் தண்ணீர் மாற்றி, சாயம் இறங்கிய பிறகுதான் போட வேண்டும். ஆரம்பத்தில் அது தெரியாமல் பச்சையாகவே போட்டேன், இலை ஓரமெல்லாம் கருகியது. நாள்போக்கில் பொச்சு தூளாகி அடியில் சேறுமாதிரிப் படியும், அப்போது முழுக்கக் கொட்டி மாற்றுங்கள்.

குறோட்டனுக்குக் கொப்பிலேயே பதி வைப்பதுதான் எனக்குப் பிடித்த வழி. பென்சில் தடிப்புள்ள கொப்பில் ஓர் அங்குல அகலத்துக்குப் பட்டையை வளையமாக உரித்து, ஈரமான தும்புத்தூளை வைத்து, பொலித்தீனால் சுற்றி இரண்டு பக்கமும் கட்டுங்கள். ஒன்று ஒன்றரை மாதத்தில் பொலித்தீனுக்குள் வெள்ளை வேர் தெரியும், அதற்குக் கீழே வெட்டி நடலாம். வெட்டிய இடத்தில் வடியும் பால் தோலில் பட்டால் கடிக்கும், கையைக் கழுவுங்கள். நிழலில் வைத்தால் நிறம் போய்ப் பச்சையாகிவிடும்.

இந்த வேலைகளுக்குச் சித்திரைப் புத்தாண்டு கழிந்து பின்னேர மழை தொடங்கும் நாட்கள் நல்லவை. அப்புறம் மே கடைசியில் தென்மேற்குக் காற்று கடலிலிருந்து நேரே அடிக்கும். இங்கே காலி நகருக்குப் போகும் ‘காலி வீதி’க்குக் கடற்கரைப் பக்கம் இருப்பவர்கள் மழை விட்ட நாட்களில் இலையில் படிந்த உப்பைப் பைப் தண்ணீரால் கழுவுங்கள். போகன்விலா உப்புக்காற்றைத் தாங்கும், அதை மதிலோரம் காற்றுக்கு முன்னால் வைத்து மற்றதை அதன் மறைவில் வைக்கலாம். ஜனவரியிலிருந்து மார்ச் வரை மழை குறையும்போது போகன்விலாவுக்குத் தண்ணீரைக் குறையுங்கள், மேல்மண் நன்றாகக் காய்ந்த பிறகு ஊற்றினால் போதும், இலை தெரியாமல் பூக்கும். பூத்து முடிந்ததும் கொப்புகளைக் கட்டையாக வெட்டுங்கள், பூ புதுக் கொப்பில்தான் வரும்.

சாடிக்கு அடியில் தட்டு வைக்கவே வேண்டாம். வேரும் அழுகும், டெங்கு நுளம்பும் பெருகும். இரண்டு செங்கல்லின் மேல் நிறுத்தினால் தண்ணீர் ஓடிவிடும்.

எடுக்கும் கன்றுகளில் ஒன்றையாவது வேறு வீட்டுக்குக் கொடுங்கள். ஒரு வருஷம் நவம்பர் மழையில் எனக்கு நாலு சாடி அழுகிப்போனது. வெள்ளை அந்தூரியம் முழுக்கப் போய்விட்டது என்று அழாத குறையாக இருந்தபோது, பின்வீட்டு அக்கா தான் எப்போதோ என்னிடம் வாங்கிப்போன கன்றின் தலையை வெட்டிக் கொண்டுவந்து தந்தார். இப்போது வாசலில் பூத்து நிற்பது அதுதான்.