வார நாள் இரவுக்கு முருங்கைக்காய் சூப்: தேங்காய்ப்பால் திரியாமல் வைக்கும் முறை

போன வருஷம் ஜூனில் பள்ளிக்கூடம் திறந்ததிலிருந்து எங்கள் வீட்டில் இரவுச் சாப்பாடு பெரும்பாடாக இருந்தது. நான் வேலை முடித்துக் காரைக்குடியில் வீடு வந்து சேர ஆறே முக்கால் ஆகிவிடும். அதற்கு மேல் சட்னி அரைத்துக் குழம்பும் வைத்து முடிப்பதற்குள் சின்னவள் தூங்கி வழிய ஆரம்பித்துவிடுவாள். ஒருநாள் அவளுக்குக் காய்ச்சல். எனக்கு அப்பத்தா வைத்துத் தரும் முருங்கைக்காய்ச் சாறு ஞாபகம் வந்தது. மிளகு, சீரகம், பூண்டு தட்டிப் போட்டுத் தண்ணியாக இருக்கும். அதில் பாசிப்பருப்பும் தேங்காய்ப்பாலும் சேர்த்து, வயிறு நிறைகிற மாதிரி சூப்பாக வைத்துப் பார்த்தேன். இரண்டு கிண்ணம் குடித்தாள். அன்றிலிருந்து வாரத்தில் இரண்டு நாள் இதுதான்.

காலையில் பத்து நிமிஷ வேலை, சாயங்காலம் இருபது நிமிஷ வேலை. ஆனால் இந்த முறை கைக்கு வர எனக்கு இரண்டு மாதம் பிடித்தது. நான் தப்பு செய்த இடங்களைக் கொஞ்சம் விரிவாகவே எழுதியிருக்கிறேன், நீங்கள் முதல் தடவையே சரியாக வைத்துவிடலாம்.

நான்கு பேருக்குத் தேவையானவை: சதைப்பற்றான முருங்கைக்காய் மூன்று, பாசிப்பருப்பு 50 கிராம், சின்ன வெங்காயம் பன்னிரண்டு, பூண்டு ஐந்து பல், தக்காளி பாதி, மஞ்சள்தூள் கால் தேக்கரண்டி, தேங்காய் ஒரு மூடி. இடித்துக்கொள்ள மிளகு ஒரு தேக்கரண்டி, சீரகம் ஒரு தேக்கரண்டி, சோம்பு அரைத் தேக்கரண்டி. தாளிக்க நல்லெண்ணெய், சிறு துண்டு பட்டை, நகக்கண் அளவு கல்பாசி, கறிவேப்பிலை. உப்பு உங்கள் ருசிக்கு. டம்ளர் என்று நான் சொல்வது 200 மி.லி. பிடிக்கிற சாதாரண எவர்சில்வர் டம்ளர்.

தக்காளி பாதிதானா என்று கேட்பீர்கள். பாதிதான். காரணம் தேங்காய்ப்பால் பகுதியில் வருகிறது.

காய் வாங்கும்போது இரண்டு முனையையும் பிடித்து லேசாக முறுக்கிப் பாருங்கள். வளைந்து கொடுத்தால் நல்ல காய். குச்சி மாதிரி ஒல்லியாக இருக்கும் பிஞ்சில் சதையே இருக்காது, சாம்பாருக்கு வேண்டுமானால் ஆகும். விதை புடைத்துத் தெரிகிற முற்றலும் வேண்டாம்.

காலையில் செய்ய வேண்டியது

பருப்பைக் கழுவி ஐந்து லிட்டர் குக்கரில் போடுங்கள். உரித்த வெங்காயம், பூண்டு, பாதித் தக்காளி, மஞ்சள்தூள், மூன்று டம்ளர் தண்ணீர், ஒரு சொட்டு எண்ணெய். பாசிப்பருப்பு பொங்கி விசில் வழியாக நுரை தள்ளும். எண்ணெய் அதைக் கொஞ்சம் அடக்கும். எப்படியும் குக்கரில் பாதிக்கு மேல் நிரப்பாதீர்கள்.

முருங்கைக்காயை விரல் நீளத்துக்கு நறுக்கி, அதே குக்கருக்குள் தனிக் கிண்ணத்தில் அரை டம்ளர் தண்ணீரோடு வையுங்கள். முதலில் நான் காயைப் பருப்போடு சேர்த்தே வேகவிட்டேன். நான்கு விசிலில் காய் வெடித்து, நார் முழுக்கப் பருப்பில் கலந்துவிட்டது. சரி, மிக்ஸியில் அடித்தால் போய்விடும் என்று அடித்தேன். நார் போகவில்லை, பொடிப்பொடியாக நறுங்கித் தொண்டையில் குத்துகிற தூளாக மாறியது. இரண்டு தடவை வடிகட்டியும் நாக்கில் தட்டியது. தனிக் கிண்ணம் வைத்த பிறகு அந்தத் தொல்லை இல்லை.

நான்கு விசில் வந்ததும் அணைத்து, ஆவி தானாக அடங்கட்டும். ஆறிய காயை ஒவ்வொன்றாகப் பிளந்து, உட்புறத்தை எவர்சில்வர் ஸ்பூனின் விளிம்பால் மேலிருந்து கீழாக ஒரே இழுப்பாக வழியுங்கள். பச்சையும் வெள்ளையுமாகச் சதை சுருண்டு ஸ்பூனில் வந்து நிற்கும், பட்டை கையில் தங்கிவிடும். அழுத்திச் சுரண்டினால் பட்டையின் நாரும் சேர்ந்து வரும், அதனால் கை லேசாக இருக்கட்டும். இளம் விதை வந்தால் இருக்கட்டும், முற்றிய விதையை எடுத்துவிடுங்கள். கிண்ணத்தில் இருக்கும் தண்ணீரைக் கொட்டிவிடாதீர்கள், காயின் வாசனை அதில்தான் இருக்கிறது.

சதையையும் அந்தத் தண்ணீரையும் பருப்போடு கலந்து, ஆறியதும் ஃபிரிட்ஜில் வைத்துவிட்டுக் கிளம்பலாம். வெளியே வைத்துவிட்டுப் போகாதீர்கள். நம் ஊர் வெயிலுக்கு வெந்த பருப்பு மதியத்துக்கே நுரைத்துப் புளித்துவிடும்.

சாயங்காலம்

பருப்பை மசிக்க எனக்கு மத்துதான். மிக்ஸியில் அடித்தால் பசை மாதிரி வழுவழுவென்று ஒரே கட்டியாகிவிடுகிறது. மத்தால் கடைந்தால் பருப்பு கரையும், வெங்காயமும் பூண்டும் அங்கங்கே சிறு துண்டாக வாயில் தட்டுப்படும். சூப்புக்கு அதுதான் அழகு. காலையில் முடியாமல் சாயங்காலமே வேகவைக்கிறவர்களுக்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. சூடான பருப்பை மிக்ஸி ஜாரில் போட்டு மூடினால் உள்ளே ஆவி அடைந்து மூடியைத் தூக்கி எறியும், கையும் முகமும் வெந்துவிடும். மத்து இல்லாதவர்கள் நன்றாக ஆறவிட்டு, ஜாரில் பாதி மட்டும் நிரப்பி, இரண்டு சுற்று விடுங்கள்.

மிளகு, சீரகம், சோம்பு மூன்றையும் வறுக்காமல் இடிகல்லில் ஒன்றிரண்டாகத் தட்டிக்கொள்ளுங்கள். கடையில் வாங்கிய மிளகுத்தூளை இதற்கு நான் சேர்ப்பதில்லை. மூடியைத் திறந்து வைத்த நாளிலிருந்தே அதில் வாசனை குறைந்துகொண்டே வரும், கடைசியில் காரம் மட்டும்தான் மிஞ்சும். கெட்டிப்படுத்தச் சோளமாவும் வேண்டாம். பருப்பே போதும்.

அடுத்தது தேங்காய்ப்பால். ஒரு மூடித் தேங்காயைத் துருவி, அரை டம்ளர் வெதுவெதுப்பான தண்ணீர் விட்டு அரைத்துப் பிழிந்தால் முதல் பால். அதே சக்கையில் ஒரு டம்ளர் தண்ணீர் விட்டு மறுபடி அரைத்துப் பிழிந்தால் இரண்டாம் பால். இரண்டையும் தனித்தனியாக வையுங்கள்.

மசித்த பருப்பில் இரண்டாம் பாலும் ஒரு டம்ளர் தண்ணீரும் உப்பும் சேர்த்துக் கொதிக்க விடுங்கள். தட்டிய பொடியைப் போட்டு மிதமான தீயில் ஐந்து நிமிஷம். இதற்குள் சின்னக் கரண்டியில் நல்லெண்ணெய் காயவைத்து, பட்டை, கல்பாசி, கறிவேப்பிலை தாளித்துக் கொட்டுங்கள். கல்பாசி என்பது பூஞ்சையும் பாசியும் ஒன்றாகச் சேர்ந்து பாறையிலும் மரத்திலும் படர்வது. பார்க்கக் காய்ந்த சருகு மாதிரி இருக்கும், சும்மா மோந்து பார்த்தால் பெரிதாக ஒன்றும் தெரியாது. எண்ணெய் சூட்டில் விழுந்த நொடியில்தான் வாசனை எழும்பும், தெருமுனை வரை போகும். அதிகமானால் மண்வாடையும் கசப்பும் வரும். அதனால்தான் நகக்கண் அளவு என்றேன். மண் ஒட்டியிருக்கும், கழுவித் துடைத்துப் போடுங்கள்.

முதல் பால் ஊற்றும் இடம்

என்னை அதிகம் அழவைத்த இடம் இதுதான். முதல் நான்கைந்து தடவையும் பால் திரிந்தது. மேலே எண்ணெய் மிதக்கும், அடியில் வெள்ளைத் திப்பித் திப்பியாக நிற்கும். குடிக்க முடியாது என்றில்லை, ருசியும் பெரிதாகக் கெடவில்லை, ஆனால் பிள்ளைகள் கிண்ணத்தைப் பார்த்துவிட்டுத் தள்ளி வைத்தார்கள். தேங்காய் பழசாக இருக்கும் என்று கடையை மாற்றினேன். அப்போதும் திரிந்தது. தக்காளியை இரண்டிலிருந்து ஒன்றாக்கினேன். கொஞ்சம் குறைந்தது, நிற்கவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மாமியார் பக்கத்தில் நின்று பார்த்தார்கள். நான் கொதித்துக்கொண்டிருந்த சூப்பில் பாலை ஊற்றி, இன்னும் ஒரு கொதி வரட்டும் என்று நின்றேன். "முதப்பால் கொதி தாங்காது ஆத்தா, அடுப்ப அணைச்சுட்டு ஊத்து" என்றார்கள். அவ்வளவுதான் விஷயம்.

தேங்காய்ப்பாலில் கொழுப்பு பொடிப்பொடிச் சொட்டுகளாகத் தண்ணீரில் கலந்து நிற்கிறது. அந்தச் சொட்டுகள் ஒன்றோடொன்று சேராமல் பார்த்துக்கொள்வது பாலிலிருக்கும் புரதம். தளதளவென்று கொதிக்கவிட்டால் புரதம் இறுகித் திப்பியாகிறது, கொழுப்பு பிரிந்து எண்ணெயாக மேலே வருகிறது. புளிப்பு இருந்தால் இது இன்னும் சீக்கிரம் நடக்கும். தக்காளி பாதி என்றது இதனால்தான். எலுமிச்சை வேண்டுமென்றால் கிண்ணத்தில் ஊற்றிய பிறகு அவரவர் பிழிந்துகொள்ளட்டும். இரண்டாம் பாலில் கொழுப்பு குறைவு, தண்ணீர்தான் அதிகம். அதனால் அது கொதித்தாலும் பெரிதாகத் தெரியாது.

இப்போது நான் செய்வது இப்படி. அடுப்பை அணைக்கிறேன். குமிழ் முழுக்க அடங்கும்வரை இரண்டு நிமிஷம் காத்திருக்கிறேன். முதல் பால் இருக்கும் கிண்ணத்தில் ஒரு கரண்டி சூடான சூப்பை ஊற்றிக் கலக்கி, பாலைச் சூட்டுக்குப் பழக்குகிறேன். பிறகு அந்தக் கலவையைச் சட்டியின் ஓரமாக மெல்ல ஊற்றி, கரண்டியால் ஒரே பக்கமாக இரண்டு சுற்று. ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த பாலை நேராக ஊற்ற வேண்டாம், அறைச் சூட்டுக்கு வரட்டும். ஊற்றிய பிறகு சட்டியை அடுப்புக்குத் திரும்பக் காட்டுவதே இல்லை. கல்சட்டியில் வைக்கிறவர்கள் கூடுதலாக மூன்று நிமிஷம் காத்திருங்கள். அடுப்பை அணைத்த பிறகும் கல்சட்டி கொதித்துக்கொண்டே இருக்கும்.

அட்டைப் பெட்டியில் வரும் தேங்காய்ப்பால் ஆகுமா என்றால் ஆகும். அவற்றில் பலவற்றில் பிரியாமல் இருக்கச் சேர்மானம் போட்டிருப்பார்கள், அதனால் அவ்வளவு எளிதில் திரியாது. ஆனால் அப்போது பிழிந்த பாலின் வாசனை அதில் எனக்குக் கிடைத்ததில்லை. நேரமில்லாத நாளில் மட்டும் வாங்குகிறேன்.

இதற்குத் தொட்டுக்கொள்ள இடியாப்பம் நன்றாக இருக்கும். வார நாளில் அதற்கும் நேரம் கிடையாது. காலையில் மிஞ்சிய இட்லியைச் சின்னச் சதுரமாக நறுக்கி, தோசைக்கல்லில் நல்லெண்ணெய் விட்டு ஓரம் சிவக்கும்வரை புரட்டி எடுங்கள். மேலே துளி இட்லிப்பொடி. குடிக்கும் நேரத்தில் சூப்பில் நாலு துண்டு போட்டால் வெளியே மொறுமொறுப்பும் உள்ளே சூப் ஊறிய மென்மையுமாக இருக்கும். முனீஸ்வரன் கோவில் தெருப் பழைய சாமான் கடையில் வாங்கிய நீல விளிம்பு எனாமல் கிண்ணங்களில்தான் பிள்ளைகளுக்கு ஊற்றுகிறேன். அந்தக் கிண்ணம் வந்த பிறகு இட்லியும் மிஞ்சுவதில்லை.

பின்சேர்க்கை

இதைப் படித்துவிட்டுச் செய்து பார்த்த மூன்று பேர், பருப்பு மசியவே இல்லை, சூப் தண்ணீர் தனியாகப் பருப்பு தனியாக நிற்கிறது என்று எழுதியிருந்தார்கள். கேட்டுப் பார்த்தால் மூவரும் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரில் வேகவைத்தவர்கள். உப்புத்தண்ணீரில் இருக்கும் சுண்ணாம்புச் சத்து பருப்பை இளக விடாது. குடிக்கிற தண்ணீரில் வேகவையுங்கள், அரை மணி நேரம் ஊறவும் வையுங்கள். பருப்பு ரொம்ப நாள் பட்டதாக இருந்தாலும் இதே கதைதான், அதற்கு இரண்டு விசில் கூட.

அவர்கள் எழுதியதைப் படித்ததும்தான் அப்பத்தா வீட்டு அண்டாக்கள் எனக்குப் புரிந்தன. மழை பெய்தால் வளவின், அதாவது வீட்டு நடு முற்றத்தின், நான்கு ஓரத்திலும் ஓட்டுக்கூரையிலிருந்து விழும் தண்ணீரைப் பித்தளை அண்டாக்களில் பிடிப்பார்கள். முதல் மழையைக் கூரை கழுவ விட்டுவிட்டு, அடுத்த மழையைப் பிடித்து, துணியால் வேடு கட்டி மூடி வைப்பார்கள். பருப்பு வேகவைக்க அந்தத் தண்ணீர், இல்லையென்றால் ஊருணித் தண்ணீர். கிணற்றுத் தண்ணீரைச் சட்டி கழுவத்தான் எடுப்பார்கள். குக்கர் இல்லாத காலத்திலும் அந்த வீட்டுப் பருப்பு வெண்ணெயாகக் கரைந்திருக்கும்.

முருங்கைக்கீரையில் இதைச் செய்யலாமா என்று நிறையப் பேர் கேட்டீர்கள். எங்கள் வீட்டில் பொழுது சாய்ந்த பிறகு கீரை சமைக்கும் வழக்கமில்லை, அதனால் மதியத்துக்குச் செய்கிறேன். கீரையைக் குக்கரில் போடக் கூடாது. சூப் கொதிக்கும்போது போட்டு, மூடாமல் நான்கு நிமிஷம். மூடினால் கறுத்துப் போகும்.

மழைக்காலத்தில் முருங்கைக்காய் விலை தலைக்கு மேல் ஏறிவிடுகிறது. அப்போது இளம் சுரைக்காயைத் தோல் சீவி, விதைப்பகுதி நீக்கிச் சேர்க்கிறேன். அது தண்ணீர் விடும், அதனால் சாயங்காலம் ஊற்றும் ஒரு டம்ளர் தண்ணீரை அரையாகக் குறைத்துக்கொள்ளுங்கள். மற்றதெல்லாம் அப்படியே.

மிஞ்சியதை மறுநாள் சூடு பண்ணினால் திரிகிறதே என்று போன வாரம் ஒருவர் கேட்டிருந்தார். திரியத்தான் செய்யும். மறுநாளைக்கும் வேண்டுமென்றால் பால் ஊற்றுவதற்கு முன்பே பாதி சூப்பைத் தனியாக எடுத்து ஃபிரிட்ஜில் வையுங்கள். மறுநாள் அதைக் கொதிக்கவிட்டு, அணைத்து, புதிதாகப் பிழிந்த பாலைச் சேர்த்துக்கொள்ளலாம். ஏற்கெனவே பால் ஊற்றிவிட்டீர்கள் என்றால், அகலமான பாத்திரத்தில் வெந்நீர் வைத்து, அதற்குள் சூப் கிண்ணத்தை இறக்கி வெதுவெதுப்பாகும்வரை கிளறிக்கொண்டே இருங்கள்.