புல்வெளியில் ஒட்டிக் கிடக்கும் பிளான்டெய்ன் களையை அடையாளம் காண்பது எப்படி?

பிளான்டெய்ன் என்று தேடிப் பாருங்கள், வாழைக்காய்ப் படமாக வந்து கொட்டும். ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே பெயர், அவ்வளவுதான். வாழைக்கும் இதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. நாம் பார்க்கப்போவது பிளான்டாகோ என்ற பேரினத்தைச் சேர்ந்த களைச்செடி, அதிலும் முக்கியமாக அகன்ற இலை கொண்ட பிளான்டாகோ மேஜர். கடையில் கிடைக்கும் இசப்கோல் உமி இதே பேரினத்தில் இன்னொரு செடியின் விதையிலிருந்து வருவதுதான், அதனால் பெயர் புதிதாக இருந்தாலும் குடும்பம் அந்நியமில்லை.

முதலிலேயே ஒன்று சொல்லிவிடுகிறேன்: இலையின் உருவத்தையும் அளவையும் மட்டும் நம்பாதீர்கள். நான் ஆரம்பத்தில் ஏமாந்ததெல்லாம் அங்கேதான். நரம்பு, நார், கதிர் இந்த மூன்றையும் பாருங்கள்.

படி 1: மிதிபடும் இடத்தில் தேடுங்கள்

ஆட்கள் நடந்து நடந்து இறுகிப்போன ஒற்றையடிப் பாதை, வண்டித் தடத்தின் ஓரம், வாசற்கதவுக்கு முன்னால் புல் தேய்ந்துபோன திட்டு, இந்த மாதிரி இடங்கள்தான் இதற்குப் பிடிக்கும். வளரும் நுனி தரைமட்டத்திலேயே பதுங்கி இருப்பதால் காலும் சரி, புல்வெட்டும் இயந்திரமும் சரி, அதை எளிதில் ஒன்றும் செய்துவிட முடியாது. பிளான்டாகோ என்ற பெயரே உள்ளங்காலைக் குறிக்கும் லத்தீன் சொல்லோடு தொடர்புடையது. ஐரோப்பியர்கள் குடியேறிய பிறகு இந்தச் செடி பரவியதைப் பார்த்த வட அமெரிக்கப் பழங்குடி மக்கள் இதை வெள்ளைக்காரனின் காலடித்தடம் என்று அழைத்தார்களாம்.

படி 2: தண்டு இருக்கிறதா என்று பாருங்கள்

இருக்கக் கூடாது. எல்லா இலைகளும் ஒரே மையத்திலிருந்து கிளம்பி, தரையோடு ஒட்டி வட்டமாக விரிந்திருக்க வேண்டும். நிமிர்ந்த தண்டில் இலைகள் வரிசையாக ஏறியிருந்தால் அது வேறு செடி.

அளவு விஷயத்தில்தான் இது நன்றாகக் குழப்பும். சரளைக்கல் இடுக்கில் முளைத்தது மூன்று நான்கு செ.மீ. இலையோடு நின்றுவிடும், நிழலில் உயரமான புல்லுக்கு நடுவே வளர்ந்ததோ வெளிச்சம் தேடிக் காம்பை நீட்டி, 15, 20 செ.மீ. இலையை நிமிர்த்தி வைத்திருக்கும், பக்கத்தில் வைத்துப் பார்த்தால் இரண்டும் ஒரே செடி என்று சத்தியம் செய்தாலும் நம்ப மாட்டீர்கள்.

படி 3: இலையைத் திருப்பி நரம்புகளை எண்ணுங்கள்

பெரும்பாலான அகன்ற இலைச் செடிகளில் நடுநரம்பு ஒன்று இருக்கும், அதிலிருந்து பக்கநரம்புகள் பிரியும். இதில் அப்படி இல்லை. அடியிலிருந்தே பெரும்பாலும் ஐந்து முதல் ஏழு நரம்புகள் தனித்தனியாகக் கிளம்பி, இலையின் வளைவோடு வளைந்து போய் நுனியில் சேரும். அடிப்பக்கத்தில் விரலால் தடவினால் வரம்பு வரம்பாகத் தட்டுப்படும். இணையாக ஓடும் நரம்பு என்றால் புல் மாதிரி ஒருவித்திலைத் தாவரம் என்றுதானே பள்ளியில் படித்தோம்? இது இருவித்திலை. பாடப்புத்தக விதிக்கு ஒரு விதிவிலக்கு காலடியிலேயே கிடக்கிறது.

படி 4: காம்பை இழுத்து நாரைப் பாருங்கள்

எனக்கு மிகவும் பிடித்த சோதனை இதுதான். நன்கு முற்றிய, வெளிவட்டத்து இலை ஒன்றைக் காம்போடு எடுத்துக்கொள்ளுங்கள். காம்பின் மேல்பக்கம் வாய்க்கால் போலக் குழிந்திருக்கும், அதையும் கவனியுங்கள். நகத்தால் கிள்ளாமல், கத்தியால் வெட்டாமல், இரண்டு பக்கமும் பிடித்து மெதுவாக இழுங்கள். சதை அறுந்த பிறகும் நூல் நூலாக நார் தொங்கும். வாழைத்தண்டை ஒடித்தால் இழைகள் வருமே, கிட்டத்தட்ட அந்த மாதிரி. வாழைக்கு உறவில்லை என்று மேலே அடித்துச் சொன்ன நானே இந்த உவமையைச் சொல்ல வேண்டியிருக்கிறது, என்ன செய்வது. இலையின் நரம்புகளுக்குள் ஓடும் குழாய்க் கற்றைகள்தான் அந்த நார். இளம் இலை என்றால் சில சமயம் சட்டென்று முறிந்துவிடும், உடனே இல்லை என்று முடிவுகட்டாமல் இன்னொரு முற்றிய இலையை எடுங்கள். வெள்ளைப் பால் வந்தால் மட்டும் அங்கேயே விட்டுவிடலாம், இது பால் வராத செடி.

படி 5: கதிரைப் பாருங்கள்

நடுவிலிருந்து இலையே இல்லாத காம்பு ஒன்று எழும்பி, எலிவால் மாதிரி மெலிந்த, பச்சையும் பழுப்புமான கதிரைத் தூக்கி நிற்கும். இதைப் பூ என்றே பலர் நினைப்பதில்லை. பெரும்பாலும் காற்றே மகரந்தத்தைச் சுமப்பதால் பூச்சிகளை மயக்கும் நிறமோ இதழோ இதற்குத் தேவைப்படவில்லை. கீழிருந்து மேலாகப் பூக்கும், ஒவ்வொரு பூவிலும் சூல்முடி முதலில், மகரந்தத்தாள்கள் பிறகு.

காய் பழுத்த கதிர் கிடைத்தால் உள்ளங்கையில் வைத்துத் தேய்த்துப் பாருங்கள். சில மி.மீ. நீளக் காய் நடுவில் வெட்டினாற்போல் பிளந்து, மேல்பாதி சிமிழ் மூடி மாதிரி கழன்றுவிடும். உள்ளே பழுப்பு விதைகள், ஒவ்வொன்றும் சுமார் ஒரு மி.மீ. அதன்மேல் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுச் சற்று நேரம் காத்திருங்கள், வழவழவென்று பசை கட்டும். ஈரத்தில் செருப்பிலும் சக்கரத்திலும் ஒட்டிக்கொண்டு ஊர் ஊராகப் போவது இந்தப் பசையால்தான்.

படி 6: எந்த வகை?

இலை ஈட்டி போல ஒடுங்கி நீண்டு, பூக்காம்பில் நீளவாக்கில் பள்ளங்கள் ஓடி, நுனியில் குட்டையான தலையும் அதைச் சுற்றி வெண்ணிற மகரந்தத்தாள் வளையமும் இருந்தால் அது பிளான்டாகோ லான்சியோலாட்டா. இதன் காயில் இரண்டே விதை. இலைக்காம்பின் அடி செந்நிறமாக இருந்து, காய் நடுவில் பிளக்காமல் அடிப்பக்கமாகப் பிளந்தால் வட அமெரிக்காவைச் சேர்ந்த பிளான்டாகோ ருகேலியாக இருக்கலாம். நரைத்த ரோமமும் இளஞ்சிவப்புச் சாயல் கொண்ட மணமுள்ள பூவும் இருந்தால் பிளான்டாகோ மீடியா.

பறித்துச் சாப்பிடும் எண்ணம் இருந்தால்

கொஞ்சம் பொறுங்கள். ஃபாக்ஸ்குளோவ் என்கிற டிஜிடாலிஸ் செடியும் முதல் ஆண்டில் பூக்காமல் இலைவட்டமாக மட்டுமே கிடக்கும், அது இதயத்தைத் தாக்கும் நஞ்சு. 1997இல் அமெரிக்காவில் பிளான்டெய்ன் என்ற பெயரில் விற்ற மூலிகைப் பொருளில் டிஜிடாலிஸ் லனாட்டா கலந்திருந்தது தெரியவந்து, அந்நாட்டு உணவு, மருந்து நிர்வாகம் எச்சரிக்கை விட்டது. மூலிகை வியாபாரத்திலேயே இந்தக் குழப்பம் நடந்திருக்கிறது. அதனால் கதிரைப் பார்க்காத செடியை வாயில் வைக்காதீர்கள், களைக்கொல்லி தெளித்திருக்கக்கூடிய புல்வெளியில் கதிரைப் பார்த்தாலும் வைக்காதீர்கள்.

கதிரே வராத செடி என்றால் பக்கத்தில் ஒரு குச்சியை நட்டு வையுங்கள். இரண்டு வாரம் கழித்துப் போய்ப் பாருங்கள், ஆனால் புல்வெட்டும் நாளுக்கு முன்னாலேயே போங்கள், இல்லையென்றால் குச்சியும் இருக்காது, கதிரும் இருக்காது.