தூய்மைப் பணி ஒப்பந்தத்தில் நம் ஊர்ப் பணம் எங்கே போகிறது? நீங்களே கணக்குப் பார்க்கலாம்

காலையில் வெள்ளெனவே எங்கள் தெருவுக்குக் குப்பை வாங்கப் பேட்டரி வண்டியோடு வரும் ஒப்பந்தத் தொழிலாளி அக்கா, போன தை மாதம் தன் பிஎஃப் (வருங்கால வைப்பு நிதி) பாஸ்புக்கை என் போனில் எடுத்துப் பார்க்கச் சொன்னார். ஐந்து மாதமாக ஒரு ரூபாய்கூட ஏறவில்லை, ஆனால் சம்பளத்தில் மாதாமாதம் பிடித்திருக்கிறார்கள். அன்றைக்குத்தான் எங்கள் பேரூராட்சி தூய்மைப் பணிக்கு ஒப்பந்தக்காரரோடு போட்ட ஒப்பந்தத்தை வாங்கிப் படிக்க ஆரம்பித்தேன். அம்பாசமுத்திரம், களக்காடு, மேலப்பாளையம் என்று நீங்கள் எங்கே இருந்தாலும் இதைச் செய்யலாம்.

போலீஸ் சம்பளம் மாநில அரசின் கணக்கில் போய்விடும். குப்பை அள்ளவும் வாறுகால் தோண்டவும் ஆள் வைக்கிற செலவு அப்படி இல்லை, உள்ளாட்சிதான் பில் பாஸ் செய்கிறது, நாம் கட்டும் வீட்டு வரியும் அதில் இருக்கிறது.

முதலில் 2005-ஆம் ஆண்டு தகவல் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு. வெள்ளைத்தாளில் எழுதி, 10 ரூபாய்க்குக் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, உங்கள் உள்ளாட்சி அலுவலகத்தின் பொதுத் தகவல் அலுவலருக்குப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். "ஏன் ஆள் குறைவு?" என்று கேட்காதீர்கள், ஏன் எதற்கு என்பதற்கெல்லாம் பதில் வராது, ஆவணத்தைக் கேளுங்கள். ஒப்பந்தப் பத்திரத்தின் நகல், மூன்று மாத பில், அதே மூன்று மாத வருகைப் பதிவேடு, பிஎஃப், இஎஸ்ஐ (தொழிலாளர் மருத்துவக் காப்பீடு) கட்டிய சலான், அதோடு உள்ள பெயர்ப் பட்டியல். பிஎஃப் பட்டியலைத் தனிநபர் விவரம் என்று சொல்லி மறுப்பார்கள், அதனால் மனுவிலேயே "பெயரையும் எண்ணையும் மறைத்துத் தரவும்" என்று எழுதிவிடுங்கள். நெல்லை மாநகராட்சி என்றால் ஒரு மண்டலத்துக்கு மட்டும் கேளுங்கள், நான்கு மண்டலத்துக்கும் சேர்த்துக் கேட்டால் பக்கத்துக்கு 2 ரூபாய் வீதம் கட்டி மாளாது. இதில் அந்த அக்கா பெயரை எந்த இடத்திலும் எழுதாதீர்கள், மறுநாளே வேலைக்கு வர வேண்டாம் என்று சொல்லிவிடுவார்கள்.

30 நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு, அதுவும் சரிப்படவில்லை என்றால் 90 நாளுக்குள் மாநிலத் தகவல் ஆணையம்.

காகிதம் வந்ததும் உட்கார்ந்து கணக்குப் போடுங்கள். ஒரு பேச்சுக்கு நாள் கூலி 500 ரூபாய், 26 நாள், 40 பேர் என்று வைத்துக்கொள்வோம். ஒருவருக்குக் கூலி 13,000. அதற்கு மேல் முதலாளி தரப்பு பிஎஃப் 13 சதவீதம், அதாவது 1,690, இஎஸ்ஐ 3.25 சதவீதம், 422.50. ஆக ஒரு ஆளுக்கு 15,112.50 ரூபாய், 40 பேருக்கு மாதம் 6,04,500. அந்த 13,000-இல் தொழிலாளியிடம் பிடிப்பது 12 சதவீதமும் 0.75 சதவீதமும்தான், கைக்கு 11,342.50 வந்தாக வேண்டும். 9,500தான் வருகிறது என்று அவர் சொன்னால், மீதி 1,842.50 எங்கே?

அப்புறம் தலையை எண்ணுங்கள். காலையில் எல்லோரும் கூடிக் கையெழுத்துப் போடுகிற இடத்துக்கு மூன்று நாள் போய் நின்று எண்ணிப் பார்த்து, தேதியோடு குறித்து வையுங்கள். பில்லில் 40, தெருவில் 32 என்றால் மேலே போட்ட கணக்குப்படி மாதம் 1,20,900 ரூபாய் இல்லாத ஆளுக்குப் போகிறது, அந்த எட்டுப் பேரின் வேலையையும் இந்த 32 பேர்தான் இழுக்கிறார்கள். எனக்கு வயிறு எரிந்தது இங்கேதான்.

இதை எடுத்துக்கொண்டு முதலில் வார்டு கவுன்சிலரிடம் போய், மன்றக் கூட்டத்தில் கேட்கச் சொல்லுங்கள். "அது காண்ட்ராக்டர் சோலி" என்று அலுவலகத்தில் கைகழுவப் பார்ப்பார்கள், விடாதீர்கள். ஒப்பந்தக்காரர் கூலி கொடுக்காவிட்டால் வேலை வாங்கும் நிர்வாகமே கொடுக்க வேண்டும் என்பது 1970-ஆம் ஆண்டின் ஒப்பந்தத் தொழிலாளர் சட்டத்திலிருந்தே இருக்கிறது, பிஎஃப் பாக்கிக்கும் அப்படித்தான். பிஎஃப் மண்டல அலுவலகம் திருநெல்வேலியிலேயே இருக்கிறது. சலான் நகல், பில், நீங்கள் எண்ணிய குறிப்பு மூன்றையும் சேர்த்து அங்கே ஒரு புகார் கொடுத்து, தேதி முத்திரையோடு ரசீது வாங்கிக்கொள்ளுங்கள்.